என் இடுப்பை நீங்கள் அளந்த விதம்

டொக்டர்,

வரிசைப்படுத்திக்கொள்ளாவிட்டால் பாதியில் நிறுத்திவிடுவேன். ஆகவே:

1. என் இடுப்பை நீங்கள் அளந்த விதம்.
2. என் கல்யாணத்தில் நான் சொன்ன பொய்.
3. அன்றிலிருந்து நீங்கள் என்னை மதிக்கவில்லை என்பது.

இன்று காலை கண்டியில் ஓர் இளம் வைத்தியர் என் தொடையை உயர்த்தி, பிளாஸ்டிக் கோணமானியை வைத்துப் பார்த்து, "நல்லா மடங்குது, ஐயா" என்றார். தொடையோடு சேர்ந்து என் முதுகும் உருண்டதை அவர் கவனிக்கவில்லை. சொல்லியிருக்கலாம். சட்டையை இழுத்து வயிற்றை மூடுவதிலேயே இருந்துவிட்டேன்.

நீங்கள் அன்று உள்ளங்கையை என் இடுப்புக்கு அடியில் நுழைத்தீர்கள். கட்டுகஸ்தோட்டையில் உங்கள் டிஸ்பென்சரி. என் முப்பதுகளில், கல்யாணத்துக்குச் சற்று முன்பு. நான் படிப்பிக்கும் வகுப்பில் கரும்பலகைக்கு வைக்கும் மரக் கோணமானியை, அளப்பதற்கென்று கொண்டுவந்திருந்தேன். சதைக்குள் பெருவிரலை அழுத்தி எலும்பைத் தேடினீர்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். "மூச்சை விடுங்கோ மாஸ்டர், எலும்பு எங்கையும் ஓடாது." முதுகு உங்கள் கையை அழுத்தியதும் தொடையை நிறுத்தினீர்கள். "இதுக்கு மேல மடங்கிறது மூட்டில்லை, முதுகு." பிறகு வயிற்றைத் துவாயால் தூக்கிப் பிடிக்கச் சொன்னீர்கள். முதுகு அசையாமலே தொடை இன்னும் மேலே வந்தது. "மூட்டில பிழையில்லை. வயிறுதான் மறிக்குது."

எலும்பில் நோய் என்று நீங்கள் சொல்ல வேண்டும் என்றே வந்திருந்தேன். எங்கள் மடவளை ஊர்க் கல்யாணங்களில் சஹன் என்னும் பெரிய தட்டைச் சுற்றிப் பாயில் அமர்ந்து எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடுவார்கள். மாப்பிள்ளை ஒதுங்க முடியாது; எனக்கோ கீழே இருக்க வராது. எலும்பு என்றால் ஊர் இரங்கும். வயிறு என்றால் சிரிக்கும்.

"முழங்காலை வெளியால விரியுங்கோ, வயிறு நடுவில இறங்கும்" என்று வழியும் சொல்லித் தந்தீர்கள். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பாயில் அப்படி அமர்ந்து பார்த்தேன். இருக்க முடிந்தது. அந்தக் கோலத்தை நாலு பேர் பார்ப்பார்களே என்ற நினைப்பைத்தான் தாங்க முடியவில்லை.

கல்யாணத்தன்று, "எலும்பில் வருத்தம், கீழே இருக்கக் கூடாது என்று டொக்டர் சொன்னார்" என்றேன். நீங்களும் கல்யாணத்துக்கு வந்து எனக்குப் பின்னால் நிற்பது தெரியாது. பெண்ணின் அண்ணன் சிரித்தார். "என்ன டொக்டர், மச்சானுக்கு எலும்புல வருத்தமா, எங்க வீட்டுச் சோத்துக்குப் பயமா?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். என் காது எரிந்தது.

"கதிரை குடுங்கோ" என்றீர்கள். "எனக்கும் ஒண்டு. எனக்கும் அதே வருத்தம்தான்."

என் பக்கத்தில் அமர்ந்து, சோற்றுக் கோப்பையை மடியில் வைத்து, ஒரு வார்த்தையும் பேசாமல் சாப்பிட்டீர்கள். அந்த மௌனத்தை அவமதிப்பு என்று எடுத்துக்கொண்டேன். அதன் பிறகு கண்டி மார்க்கெட்டில் உங்கள் தலை தெரிந்தால் வேறு சந்தால் போய்விடுவேன். உங்கள் செத்த வீட்டுக்கும் வரவில்லை.

இதை எழுதும்போதுதான் யோசிக்கிறேன். உங்கள் உடம்பில் சதை ஏது? தினமும் வீட்டில் சம்மணம் போட்டுச் சாப்பிட்ட மனிதர் நீங்கள். என்னை மதிக்காதவர், என் பொய்யைத் தன் உடம்பிலும் ஏற்றிக்கொண்டு, ஊர் பார்க்க என் பக்கத்தில் கதிரை போட்டு இருந்திருப்பாரா? சந்து மாறி நடந்தவன் நான்தான்.

மூன்றாவதாக நான் எழுதியது தவறு, டொக்டர்.