பின்னாடி என்ன தெரியுது?

மார்ச் 3, ஞாயிறு

என் பெண்டாட்டிக்குத் திடீரென்று என்ன வந்ததோ, இனிமேல் பார்லர் பக்கமே போக மாட்டாளாம். மருதாணிப் பொடியும் அவுரிப் பொடியும் வாங்கி வந்து என் முன்னால் வைத்தாள். "ஊருக்கெல்லாம் பெயின்ட் அடிக்கிறீங்க, எனக்கும் அடிங்க" என்றாள். தலையில் ஒரு பூ வைக்கக்கூட என்னை விடாத மனுஷி!

மருதாணியைத் தேயிலைத் தண்ணீரில் குழைத்து நேற்றே இரும்புச் சட்டியில் ஊற வைத்திருந்தாள். குளியலறை வாசலில் ஸ்டூலைப் போட்டு, தோளில் என் பழைய லுங்கியைப் போர்த்தி உட்கார வைத்தேன். புது பிரஷ், ஒரு இஞ்ச். "செவுத்துல இழுக்கிற மாதிரி இழுக்காதீங்க, முடி வேரோட வருது" என்று முதலிலேயே திட்டு. முதல் பூச்சு மருதாணி. அலசியதும் நரையெல்லாம் ரெட் ஆக்சைடு அடித்த கேட் போலச் சிவந்து நின்றது. அதற்கு மேல் இரண்டாம் பூச்சு அவுரி. அதுதான் கறுப்பாக்கும்.

நடுவில் கேட்டாள். "பின்னாடி என்ன தெரியுது?"

"முடிதான் தெரியுது. வேற என்ன தெரியணும்?"

லுங்கி நுனியை விரலில் சுற்றினாள். பிறகு சிரித்தாள்.

அலசித் துவட்டும்போது உச்சிக்குச் சற்றுப் பின்னால் தோலில் ஒரு கறுப்புத் திட்டு. அவுரி ஒட்டியிருக்கிறது. என் நகக்கண்ணிலும்தான் ஒட்டியிருக்கிறது. நாலு நாளில் போய்விடும்.

மார்ச் 5

அவள் வேலை பார்க்கும் தையல் கம்பெனியில் ஒரே பாராட்டாம். யார் போட்டது என்று கேட்டார்களாம். "வீட்டுல ஒரு பெயின்டர் சும்மா கெடக்காரு, அவருதான்னு சொன்னேன்" என்கிறாள். கொழுப்பு.

மார்ச் 10, ஞாயிறு

எண்ணெய் தேய்த்துவிட்டேன். நெற்றியோரத்துச் சாயம் போய்விட்டது, என் நகமும் சுத்தம். அந்தத் திட்டு மட்டும் அப்படியே இருக்கிறது. எலுமிச்சம்பழத்தை அரிந்து தேய்த்தேன். கறை எடுப்பது எனக்குப் புதிதா என்ன? பஞ்சில் எண்ணெய் நனைத்துத் துடைத்தேன். பஞ்சில் ஒன்றும் வரவில்லை.

விரலால் தடவினேன். மேடாக இருந்தது.

சாயம் மேடாக இருக்குமா?

"என்ன அங்கேயே சுரண்டுறீங்க?"

"காதோரம் கொஞ்சம் சாயம்" என்றேன். என் கை அப்போது காதுக்குப் பக்கத்திலேயே இல்லை. ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

மார்ச் 12

மச்சமாக இருக்கும். எல்லாருக்கும் எங்காவது இருக்கத்தானே செய்கிறது. பிறந்ததிலிருந்து இருந்திருக்கும். நான் என்றைக்கு அவள் தலையைப் பிரித்துப் பார்த்தேன்?

மார்ச் 20

மாமா ஒருவருக்குக் காலில் இப்படித்தான் ஒன்று வந்தது. ஆணிக்கால் என்று அவரே பிளேடால் சீவிக்கொண்டிருந்தார். அடுத்த வருஷம் அவர் இல்லை. — இதை ஏன் இப்போது எழுதுகிறேன்? வேண்டாம்.

மார்ச் 31, ஞாயிறு

நரை எட்டிப் பார்க்கிறது என்று மறுபடி பொடி கரைத்தாள். பிரஷைத் தொடும் முன்னால் நல்ல வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தேன். இருக்கிறது. இன்னும் ஒரு சொட்டுச் சாயம்கூட வைக்கவில்லை, அது இருக்கிறது. ஓரமெல்லாம் நேராக இல்லை, ஊறிப் பரவின மாதிரி இருக்கிறது. ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் பழுப்பு. பெரிதாகியிருக்கிறதா? போன தடவை நான் ஒழுங்காகப் பார்க்கவே இல்லையே. பிரஷை எடுத்தேன், மருதாணி அவள் கழுத்தில் சொட்டியது.

"பின்னாடி என்ன தெரியுது?" என்றாள். அதே கேள்வி.

"முடிதான்."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"நல்லாப் பாத்துதான் சொல்றேன்."

ஒரு பெரிய மூச்சு விட்டாள். தலையில் மருதாணியோடு உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள், குழந்தை மாதிரி. நான் அடுத்த அறையில் போய் நின்றேன். பயமாயிருக்கு. சொன்னா உடைஞ்சுபோயிடுவா. சொல்லலன்னா? சொல்லலன்னா என்ன ஆகும்?

அலசிவிட்டு அவுரியை வைத்தேன். அந்த இடத்தில் ஒரு பூச்சு அதிகமாகவே வைத்தேன். காய்ந்ததும் எது சாயம், எது அது என்று எனக்கே தெரியவில்லை. நிம்மதியாக இருந்தது. இப்படி ஒரு நிம்மதி எனக்கு வந்ததை எழுதவே கூசுகிறது.

ஏப்ரல் 4, வியாழன்

சந்து முனை வீட்டில் வேலை. கூடத்துச் சுவருக்குள் ஈரம் ஊறி ஓதம் ஏறி, தட்டு அகலத்துக்குக் கறுத்துக் கிடக்கிறது. புதிதாகக் குடிவருகிறவர்கள் பார்க்க வருகிறார்களாம். வீட்டுக்காரர், "மேல ரெண்டு கோட் அடிச்சு மறைச்சுடுங்க, போதும்" என்றார்.

வழக்கமாகச் சொல்வதைத்தான் சொன்னேன். "ஓதத்து மேல அடிக்க மாட்டேன் சார். உள்ள பைப் எங்க ஒழுகுதுன்னு உடைச்சுப் பாருங்க. மறைச்சா உள்ளுக்குள்ளயே பரவும். அப்புறம் சுவரே போயிடும்."

சொல்லி முடித்ததும்தான் என் பேச்சு என் காதிலேயே விழுந்தது. அவர் என்னமோ பேசிக்கொண்டே இருந்தார். ஏணியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அரை நாளோடு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 5, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "உன் தலையில ஒண்ணு இருக்கு. சாயம் இல்ல. டாக்டர்கிட்ட காட்டணும்" என்றேன். கத்தியைக் கீழே வைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"பார்லர்க்காரம்மா ஜனவரியிலயே சொன்னாங்க" என்றாள். "என்னமோ கறுப்பா இருக்கு, டாக்டரைப் பாருன்னாங்க. எனக்கு உசுரே போயிடுச்சு. அதுக்கப்புறம் அந்தப் பக்கமே போகல. உங்ககிட்ட சொல்லவும் வாய் வரல. நீங்களா பாத்து சொல்லட்டும்னுதான் வீட்டுலயே போடச் சொன்னேன். நீங்க முடிதான் தெரியுதுன்னீங்க. ரெண்டு தடவை கேட்டேன். ரெண்டு தடவையும் முடிதான்னீங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "அந்தம்மாதான் தப்பாப் பாத்திருப்பாங்கன்னு நிம்மதியாத் தூங்கினேங்க நான்."

என் பேச்சை நம்பித் தூங்கியிருக்கிறாள். பாவி, நான் என்ன பண்ணிட்டேன்.

ஏப்ரல் 8, திங்கள்

தோல் டாக்டர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. இன்றைக்கே வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவதாகச் சொன்னார்.

"யாரு முதல்ல கவனிச்சது?" என்று கேட்டார்.

"இவருதான்" என்றாள் இவள், சட்டென்று. நான் தரையைப் பார்த்தேன்.

ஏப்ரல் 11

பரிசோதனை ரிசல்ட் சொல்லும் போன் இன்னும் வரவில்லை.

ஏப்ரல் 13

போன் அடித்தது. ஓடிப்போய் எடுத்தேன். சந்து முனை வீட்டுக்காரர். சுவரை உடைத்துவிட்டாராம்.

ஏப்ரல் 15

இவள் என்னோடு பேசுகிறாள், சோறு போடுகிறாள், சிரிக்கவும் செய்கிறாள். ஆனால் எதைச் சொன்னாலும் ஒரு நொடி என் முகத்தைப் பார்க்கிறாள். மழை வரும் போலிருக்கிறது என்றேன். ஜன்னலுக்குப் போய்த் தானே பார்த்துவிட்டு வந்தாள்.

அந்த ரிசல்ட்டை விட இதற்குத்தான் இப்போது அதிகம் பயப்படுகிறேனோ?

ஏப்ரல் 19, வெள்ளி

கெட்டதுதான். ஆனால் ஆழமாக இறங்கவில்லை, மேலோடு நின்றிருக்கிறது என்றார் டாக்டர். சுற்றிலும் இன்னும் கொஞ்சம் எடுக்க வேண்டும். "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா?" என்று இவள் கேட்டாள். "அதெல்லாம் இப்ப எதுக்கும்மா" என்றார் அவர்.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். இவள் என் பக்கத்தில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "எழுந்திருங்க, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள்.

ஜூன் 2, ஞாயிறு

புண் ஆறிவிட்டது. சாயம் போடலாம், தழும்பில் மட்டும் படாமல் போடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாதம் ஒருமுறை தலை முழுக்க வகிடு வகிடாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதும் அவர் உத்தரவு.

ஸ்டூலை இந்த முறை குளியலறை வாசலில் போடவில்லை, வெளிச்சம் விழுகிற ஜன்னலோரம் போட்டேன். மருதாணி ஊறித் தயாராக இருந்தது. நான் பிரஷை எடுக்கவில்லை. சீப்பின் வாலால் நெற்றியிலிருந்து பிடரிவரை கோடு கோடாகப் பிரித்துக்கொண்டே வந்தேன். அவள் லுங்கி நுனியைக் கசக்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கோட்டையும் இரண்டு தடவை பார்த்தேன். இந்தப் பயம் இனி மாதா மாதம் வரும் போலிருக்கிறது.

"பின்னாடி என்ன தெரியுது?"

"தழும்பு தெரியுது. வெளுத்துப்போயிருக்கு. சுத்தி முடி முளைக்குது, எல்லாம் நரை. இடது காதுக்குப் பின்னாடி கடுகு மாதிரி ஒரு மச்சம். டாக்டர் பாத்தாரே, அதேதான், பெரிசாகல. பிடரியில ஒரு கீறல், நேத்து நீ சொறிஞ்சது."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல."

இன்னொரு தடவை கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி லுங்கியைச் சரி செய்துகொண்டாள்.

"சரி, அடிங்க" என்றாள்.