யோசேப்பின் வீட்டுப் பிள்ளை

என் அன்பான அப்பா,

நீங்கள் போன பிறகு வந்த முதல் கிறிஸ்துமஸ் முடிந்துவிட்டது. வாசலில் கட்டிய ஸ்டாரை இன்னும் இறக்கவில்லை. இறக்குங்கள் என்று ஷீலா தினமும் சொல்கிறாள், நானும் தினமும் தலையாட்டுகிறேன். உங்கள் மருமகளுக்கு என்னைப் பற்றி நன்றாகத் தெரியும், அவளே இறக்கிவிடுவாள். அதற்குள் உங்களிடம் ஒரு சேதி சொல்ல வேண்டும்.

நம் வீட்டுக்குப் பிள்ளை வந்துவிட்டது அப்பா. பெண் பிள்ளை. தத்தெடுக்க நாங்கள் எழுதிப்போட்டபோது, "வரட்டும்டே, தூக்க நான் இருக்கேன்" என்று சொன்னது நீங்கள்தான். ஜூலையில் நீங்கள் போனீர்கள், நவம்பரில் அவள் வந்தாள். ஐந்து மாதக் குழந்தை. விரலைக் கொடுத்தால் பிடித்துக்கொண்டு விடவே மாட்டாள்.

ஆனால் அம்மா அவளைத் தூக்கவில்லை.

இந்தக் கடிதத்தைப் படிக்கிறவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் என்னைப் பெற்றவர் இல்லை. என்னை வயிற்றில் சுமந்த அம்மாவை ஒருத்தன் கைவிட்டுப் போன பிறகு, நீங்கள் அவளைக் கட்டிக்கொண்டு தென்பக்கத்து ஊரிலிருந்து திருப்பூருக்குக் கூட்டி வந்தீர்கள். இங்கே எல்லோரும் வெளியூர்க்காரர்கள். எந்த ஊர் என்று கேட்பார்கள், கல்யாணம் எப்போது என்று கேட்கமாட்டார்கள். ஷிப்மெண்ட் நெருங்கினால் சொந்தப் பிறந்தநாளே மறந்துபோகிற ஊரில், அடுத்தவள் மாதக் கணக்கை யார் பார்க்கப்போகிறார்கள்? வீரபாண்டியில் ஒரு லைன் வீடு. பனியன் கம்பெனியில் நீங்கள் கட்டிங் மாஸ்டர், அம்மா செக்கிங், தைத்த துணியில் பிசிறும் பிழையும் பார்க்கிற வேலை. விஷயம் நம் மூன்று பேரோடு பத்திரமாக இருந்தது. இதை எழுதட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். "எழுதிக்கோ, இனி மறைச்சு என்ன செய்ய" என்றாள். அவள் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்த கதைதான் இது.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். மகனுடைய முதல் பெண்ணுக்கு அவன் அம்மாவின் பேர். ஜெபமணி என்றே வைக்கிறோம் அத்தை என்று ஷீலா ஆசையாகச் சொன்னபோது, அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "எம் பேர வைக்காதீங்க. வேற நல்ல பேராப் பாருங்க." ஷீலா அடுப்படிக்குப் போய் அழுதாள். எனக்குக் கோபமான கோபம். நீயா இப்படிப் பேசுகிறாய் என்று கேட்க வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டேன்.

அம்மா கல்நெஞ்சக்காரி இல்லை, பயந்தவள். அதற்கு முந்தின ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது சபையில் ஒரு அக்கா, "என்ன ரத்தமோ, பாத்து வளங்க" என்று சொல்லியிருக்கிறாள். அம்மா அதையே நினைத்துக்கொண்டு கிடந்தாள். "ஒண்ணப் பேச ஆரம்பிச்சா எல்லாத்தையும் தோண்டுவாங்கய்யா. அந்தப் புள்ளைக்கு எம் பேர வச்சா, எங்கதையும் சேந்துல்லா வெளிய வரும்" என்றாள்.

ரத்தம் பார்க்கிற அதே அக்காதான் வருஷா வருஷம் நம் சபைக் கோயிலில் கிறிஸ்துமஸ் குடில் ஜோடிக்கிறவள். வைக்கோல் பரப்பி, இயேசு பாலனைக் கிடத்தி, யோசேப்பைக் கம்பெனி வாட்ச்மேன் மாதிரி ஓரமாக நிறுத்திவைப்பாள். அந்தப் பிள்ளைக்கும் அந்த மனுஷனுக்கும் என்ன ரத்தம் என்று அவளுக்கு ஒரு நாளும் தோன்றியதில்லையா? அவளை மட்டும் சொல்வானேன், குடில் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிற நமக்கெல்லாம் தோன்றியதா?

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் வீட்டில் குடும்ப ஜெபம். வேதம் வாசிப்பது எப்போதும் நீங்கள். மற்ற வீடுகளில் லூக்காவை வாசிப்பார்கள்: மேய்ப்பர்கள், தூதர்கள் பாட்டு, மாட்டுத் தொழுவத்து முன்னணை. நீங்கள் மத்தேயுவை விடமாட்டீர்கள். அங்கே பாட்டு இல்லை. கல்யாணத்துக்கு முன்பே கர்ப்பமாகிவிட்ட பெண்ணை என்ன செய்வதென்று தெரியாமல் தவிக்கிற தச்சர் யோசேப்புதான் இருக்கிறார். சின்ன வயதில் எனக்கு அது பிடிக்காது, ஒரு ஆட்டுக்குட்டிகூட வராது. ஏன்ப்பா இதையே வாசிக்கிறீங்க என்று கேட்டதற்கு, "அவரு ஒரு வார்த்தை பேசுனாராடே? கூட்டிட்டு வந்தாரு. பேரு வச்சாரு. தகப்பன் வேலைன்னா அதாம்டே" என்றீர்கள்.

இந்த வருஷம் நான் வாசிக்க வேண்டியதாயிற்று. வம்பு வேண்டாம், மேய்ப்பர்களையே வாசித்துவிடுவோம் என்று பக்கத்தைப் புரட்டினேன். அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "அப்பா வாசிக்கதையே வாசி" என்றாள். அவளைச் சேர்த்துக்கொள்ள பயப்படாதே என்று தூதன் யோசேப்புக்குச் சொல்கிற இடத்தில் வேதத்தை ஷீலா பக்கம் நீட்டிவிட்டேன். மீதியை அவள் வாசித்தாள். அம்மா ஜெபம் பண்ணவில்லை, ஆமென் மட்டும் சொன்னாள்.

மறுநாள் நான் கம்பெனியிலிருந்து வந்தபோது, குழந்தையின் சட்டைகள் எல்லாம் அம்மா மடியில் கிடந்தன. கழுத்தில் உறுத்தும் என்று லேபிளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தாள். தையல் மேலே படாமல் இருக்க, சட்டையை உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி திருப்பி மடித்தாள். செக்கிங் பார்த்த கை, ஒரு பிசிறு விடவில்லை. நான் செருப்பை ஓசைப்படாமல் கழற்றிவிட்டு உள்ளே போனேன். ஏதாவது கேட்டால் நிறுத்திவிடுவாளோ என்று பயம்.

அந்த வாரமே ஒரு சாயங்காலம், வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடி வருகிற கீத பவனிக்காரர்கள் வந்தார்கள். ரத்தம் பற்றிப் பேசிய அக்காவும் கூட்டத்தில் இருந்தாள். பாட்டுச் சத்தம் கேட்டதும், நம்மிடம் வாடகை வாங்குகிற வீட்டுக்கார அக்காவும் வந்துவிட்டார். சஷ்டி விரதம் தவறாத முருக பக்தை, நம் வீட்டுக் கேக்குக்கு முதல் ஆள். பாட்டு முடிந்ததும் ஷீலா கையிலிருந்த குழந்தையின் கன்னத்தைத் தொட்டு, "ஏனுங்க, கொழந்தை யாரு ஜாடைங்க?" என்றார். தத்துப் பிள்ளை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். எந்தக் குழந்தையைப் பார்த்தாலும் எல்லோரும் கேட்கிற கேள்வி, பழக்கத்தில் வந்துவிட்டது. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். ஷீலா தரையைப் பார்த்தாள்.

அம்மா எழுந்து வந்து குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"அவ தாத்தா ஜாடை. முழியப் பாத்தாத் தெரியலையா?" என்றாள். "பேரு மட்டும் எம் பேரு. ஜெபமணி."

சபை அக்கா பாட்டுப் புத்தகத்தை மூடிக்கொண்டாள். வீட்டுக்கார அக்கா மட்டும் கிட்டே போய்க் குழந்தையை உற்றுப் பார்த்தார். "அட, ஆமாங்க. அப்படியே அண்ணனாட்டம் இருக்குதுங்க" என்றார்.

நான் சுவரில் இருந்த உங்கள் படத்தைப் பார்த்தேன், குழந்தையைப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன் அப்பா, எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

அடுத்த மாதம் ஞானஸ்நானம். அவள் எப்படி வந்தாள் என்பதைச் சபையோ தெருவோ அவளுக்குச் சொல்ல விடமாட்டேன். புரிகிற வயதில், நீங்கள் எனக்குச் சொன்ன மாதிரி, பக்கத்தில் உட்கார வைத்து நானே சொல்வேன். உங்களைப் பற்றியும் சொல்வேன்.

உங்கள் மகன்,
ஜெபமணியின் அப்பா,
சாமுவேல்