ட்ராப்ஸிக்கு அர்த்தம்

என் உசுரான அண்ணனுக்கு,

நீ போய் நாற்பது நாளாகிவிட்டது. நம் சர்ச்சின் பழைய அடக்கப் பதிவேட்டை கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலையை நீ பாதியில் விட்டுப்போனாயே, அதை இப்போது நான்தான் செய்கிறேன். போதகர் கேட்டார், மறுக்க வாய் வரவில்லை.

வெள்ளைக்காரன் காலத்து இங்கிலீஷ். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே செத்த காரணம். க்வின்ஸி என்றால் தொண்டையில் சீழ்க்கட்டி, ஏகியூ என்றால் நடுக்கும் காய்ச்சல். மத்தியானம் சாப்பிட வரும்போது தினம் ஒரு சொல் கொண்டுவருவாய். அர்த்தம் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வரும் வழியில்தான். அதுவரை நான் ஊகிக்கலாம், போனில் பார்த்தால் ஆட்டம் காலி. சாவை வைத்து விளையாடிய அண்ணன் தங்கை நாமாகத்தான் இருப்போம்.

அந்தக் கடைசிச் செவ்வாய்க்கிழமை, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பட்டு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து "எனக்கு ட்ராப்ஸிமா" என்றாய். அம்மாவுக்கு அது நம் வழக்கமான விளையாட்டு.

"இன்னாண்ணா, மயக்கம் போட்டு வுழுறதா?" என்றேன்.

சிரித்தாய். நானும் சிரித்தேன். காந்தி ரோட்டில் ஒரு சைஸ் பெரிய செருப்பு வாங்கி வந்தாயே, அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. சனிக்கிழமை காலையில் போய்விட்டாய். கிட்னி எப்போதோ கெட்டுவிட்டது என்றார் டாக்டர்.

போன வாரம்தான் உன் நோட்டைத் திறந்தேன். 'ட்ராப்ஸி: உடம்பில் நீர் கோத்து வீங்குவது. முதலில் கால், அப்புறம் வயிறு, அப்புறம் மூச்சு.' உன் கையெழுத்து.

உன்மேல் எனக்குக் கோபம் அண்ணா. 'கால் வீங்குது' என்று இரண்டே சொல்லில் சொல்லியிருக்கலாமே. அம்மா பயந்துவிடுவாள் என்றா? இல்லை, நான் கண்டுபிடிப்பேன் என்று நம்பிச் சொன்னாயா? போனை எடுத்து ஒரு நிமிஷம் பார்த்திருந்தால் உன்னை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பேனே.

நேற்று அம்மா கேட்டாள்: "அவனுக்குத் தெரிஞ்சிருந்துச்சாமா? உங்கிட்ட எதுனா சொன்னானா?"

"இல்லமா" என்றுவிட்டேன். அவள் தன்னையே நொந்துகொண்டு இருக்கிறாள். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் பிள்ளையின் காலைப் பார்க்கவில்லையே என்று சோறு இறங்கவில்லை.

இதற்குமேல் மறைக்க மாட்டேன். இந்தக் கடிதத்தை முடித்ததும் அவளிடம் போகிறேன். அவன் சொன்னான், நான்தான் சிரித்தேன் என்று சொல்லிவிடுகிறேன். அப்புறம் அவள் என் முகத்தில் முழிக்காவிட்டாலும் சரி.

உன் கூடப்பிறந்தவள்,
எஸ்தர்