சாயங்காலம் எரிந்த காலை விளக்கு

ட்ரோம்சோ, ஜனவரி 22

ஏய் கடலோடி,

மீன் பிடிக்கப் போகுமுன் இருட்டுக்காலச் சோர்வுக்கென்று நீ வாங்கித் தந்த வெளிச்ச விளக்கின் முன்னால், உன் போன் வரும் நேரமென்று தினமும் சாயங்காலம்தான் உட்கார்ந்தேன். டாக்டரம்மா தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "காலையில உட்காரணும்! உடம்புக் கடிகாரத்தை இன்னும் பின்னால தள்ளிட்டீங்களே."

இரண்டு மாதமாகத் தலைகாட்டாத சூரியன் நேற்று மத்தியானம் திரும்பி வந்தது. ஊரே தெருவில் நின்று கத்த, நான் தூங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு குன்வோர் அந்த நாளுக்கென்றே சுடும் சூரிய பன்னைக் கதவில் மாட்டிவிட்டு, என்னைத் தட்டி எழுப்பி, "ரெண்டு மாச இருட்டு எல்லாருக்கும்தான்டி, நீ மட்டும் ஏன் சுருண்டு கிடக்கற?" என்று கேட்டுவிட்டுப் போனாள். பற்றிக்கொண்டு வந்தது.

டாக்டரம்மா சொன்ன காலை ஏழு மணிக்கு நான் எழுந்தால்தானே விளக்கைப் போட? டைமர் வைத்தால் தானாக எரியுமாம்.

நான் வாங்கப் போவதில்லை. இனி சாயங்காலம் வேண்டாம், காலை ஏழு மணிக்கு நீ போன் பண்ணி எழுப்பு.

இன்னும் எழாத
உன் வீட்டுக்காரி