பேசாத பேச்சுக்கு நன்றி

என் அருமை நன்றியுரைக்காரரே,

கடந்த சனிக்கிழமை நமது சமூக சேவைச் சங்கக் கூட்டத்துக்குப் போனேன். வாசலில் பன்னீர் தெளித்தார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதுமே என் கால்கள் தாமாகப் பின்வரிசையைத் தேடிப் போயின. உம்முடைய காலத்தில் அனுபவப்பட்டவர்கள் எல்லோரும் பின்வரிசையில்தான் இருப்பார்கள். நன்றியுரை நீண்டுகொண்டே போனால் யன்னல் வழியாக இறங்கி நழுவுவதற்கு அதுதான் வசதியான இடம். ஆனால் சனிக்கிழமை யாருக்கும் யன்னல் தேவைப்படவில்லை. ஓர் இளம் ஆசிரியர் எழுந்தார். "பேச்சாளருக்கும் தலைவருக்கும் சபையோருக்கும் நன்றி" என்றார். உட்கார்ந்துவிட்டார். தும்மி முடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. இன்னும் ஏதோ வரப்போகிறது என்று சபை சற்று நேரம் எழும்பாமலே இருந்தது.

சங்கத்துக்கு இப்போது ஒலிபெருக்கியும் வந்துவிட்டது. "இது வருமுதல் அந்த மனுசன் போய்ச் சேர்ந்தது ஊர் செய்த புண்ணியம்" என்று வெளியே வரும்போது நம்முடைய பழைய தலைவர், வழக்குப் பேசி ஓய்ந்த பிரக்கிராசியார், என் காதில் சொன்னார். சொல்லிவிட்டுச் சால்வை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கும் வயது எண்பதாகிறது. வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் உமக்கு எழுதவேண்டும்போல் இருந்தது.

உம்மை யாரும் அந்தப் பதவிக்குத் தெரிவு செய்யவில்லை. தலைவர், செயலாளர், பொருளாளர் என்று நமது விதிப் புத்தகத்தில் எல்லாப் பதவியும் இருந்தது. நன்றியுரைக்காரர் என்று ஒன்று இல்லை. ஆனால் கூட்டத்துக்குத் தேநீரும் இனிப்புப் பணிஸ் ரொட்டியும் உம்முடைய பேக்கரியிலிருந்து வந்தன. போறணை அடுப்பிலிருந்து சூட்டோடு இறக்கிய பணிஸ் கூடையை நாற்காலிக்குக் கீழே வைத்து, இரண்டு கால்களாலும் அணைத்துக்கொண்டு இருப்பீர். நன்றியுரை முடிந்த பிறகுதான் கூடை திறக்கும். அந்த விதியை எழுதியவரும் நீர்தான், காவல் காத்தவரும் நீர்தான்.

தென்னை வண்டைப் பற்றிப் பேச வந்த அதிகாரி ஒருவர் தகர டப்பாவில் உயிர் வண்டுகளைக் கொண்டுவந்திருந்தார். மூக்குத்தூள் என்று நினைத்துப் பிரக்கிராசியார் மூடியைத் திறந்துவிட்டார். சபை பாதி கலைந்த பிறகும் நீர் அசையாமல் நின்று, "பொதுமக்கள் பக்கம் வராமல் தலைவரின் பக்கமாகவே பறந்த வண்டுகளுக்கும்" நன்றி சொன்னீர். ரங்கூனிலிருந்து திரும்பிய ஒருவர் ரங்கூனைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினார். அவருக்கு நீர் சொன்ன நன்றியைக் கேட்டு முடித்தபோது, மறுபடியும் ரங்கூனுக்கே போய்விடலாமா என்று அவர் யோசித்ததாகப் பின்னால் கேள்விப்பட்டோம்.

என்னைச் செயலாளராக்கிய வருடம் வந்தது பெரிய டாக்டரின் கூட்டம். அதைப் பற்றி இன்றுவரை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

வாவிக்கு மேற்கே படுவான்கரை ஊர்களில் அந்த வருடம் காய்ச்சல் கடுமையாக இருந்தது. நோயாளிகளைத் தோணியில் கிடத்தி, வெயிலில் வாவி கடந்து பட்டணத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு பிள்ளையை வழியிலேயே பறிகொடுத்திருந்தார்கள். அங்கிருந்து ஒரு போடியார் நம்மிடம் வந்தார். நிறைய வயற்காணியும் அதைவிட நிறையப் பொறுமையும் உள்ள மனிதர். கிழமையில் ஒருநாளாவது, ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் அப்போதிக்கரி ஐயா மருந்துப் பெட்டியோடு தங்கள் பக்கம் வந்துபோனால் போதும் என்றார். அந்த ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருந்த பெரிய டாக்டரைச் சங்கத்துக்குப் பேச அழைப்பது, பேச்சு முடிந்ததும் போடியாரைக் கொண்டு விண்ணப்பத்தை வாயாலேயே சொல்லுவிப்பது என்று தீர்மானித்தோம்.

அழைப்புக் கடிதங்களை நான்தான் எழுதினேன். எல்லோருக்கும் நான்கு மணி. டாக்டருக்கு எழுதிக்கொண்டிருந்தபோது சுவர்க் கடிகாரம் ஐந்து அடித்தது. காது கேட்டதைக் கை எழுதிவிட்டது.

அன்று மூன்று தோணி நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். நாலரையாயிற்று. டாக்டர் இல்லை. முதலில் அனுதாபம், பிறகு முணுமுணுப்பு.

"பெரிய இடத்து ஆள். நம்மளையெல்லாம் மதிப்பாரா?" என்றார் ஒருவர்.

"யாழ்ப்பாணத்து மனுசன். நம்மட கூட்டம் அவருக்கு ஒரு கூட்டமா?" என்றார் இன்னொருவர்.

பிரக்கிராசியார் எழுந்து, நேரம் தவறுவது நாகரிகமற்ற செயல் என்று ஐந்து நிமிடம் கண்டித்துப் பேசினார். நான் பலமாகத் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலின் நடுவில்தான் கடிகாரம் அடித்தது என் நினைவுக்கு வந்தது. ஆட்டம் நின்றுவிட்டது. நீர் என் முகத்தைப் பார்த்தீர்.

"என்ன மச்சான், இப்பிடி வேர்க்குது?"

"ஒண்டுமில்ல."

"என்ன நேரம் எண்டு எழுதினீர்?"

மேசைக்குக் கீழே கையை விரித்துக் காட்டினேன். நீர் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தீர். ஒருவேளை நான்காக இருக்கக்கூடும் என்று நினைத்தீர்போல, பெருவிரலை இன்னொரு தரமும் பார்த்தீர்.

அதற்குள் போடியார் எழுந்துவிட்டார். "மெத்தப் பெரிய உபகாரம். பொழுது சாயமுதல் தோணி எடுக்கணும். பொம்பிளையள், புள்ளையள் வந்திருக்கு" என்றார். அவர் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவர் ஆட்களும் எழுந்தார்கள். சங்கத்தாரோ உம்முடைய கூடையைப் பார்த்தார்கள்.

"பணிஸைக் குடும். நாங்களும் போறம்."

"நன்றியுரை இல்லாம கூடை திறக்கப்படாது" என்றீர்.

"பேச்சே நடக்கல்லியே! ஆருக்கு நன்றி?"

"வரப்போற மனுசனுக்கு" என்று சொல்லி நீர் மேடையில் ஏறிவிட்டீர்.

மூன்று தோணிச் சனமும் மரியாதைக்காகத் திரும்பவும் உட்கார்ந்தது. நன்றி சொல்லும்போது எழுந்து போவது எப்படி? நீர் தொடங்கினீர். தோணி செய்த தச்சருக்கு நன்றி. இன்று அமைதியாகக் கிடந்த வாவிக்கு நன்றி. தேத்தண்ணிக்கு வெந்நீர் வைத்த அம்மாவுக்கு, அவர் பேர் சொல்லி, அவர் அடுப்புக்கு விறகு கொத்தியவர் பேரும் சொல்லி நன்றி. பத்து நிமிடம் போயிற்று. ஊரில் நன்றி சொல்ல ஆட்கள் தீர்ந்துகொண்டிருந்தார்கள். கடைசியில் குரலை உயர்த்தினீர்:

"எல்லாத்துக்கும் மேலாக, கிழமையில ஒருநாள் படுவான்கரைக்கு மருந்தும் அப்போதிக்கரி ஐயாவும் அனுப்பச் சம்மதிச்ச நம்மட டாக்குத்தர் ஐயாவுக்கு..."

வாசலில் சப்பாத்துச் சத்தம். வெள்ளைக் கோட்டும் தொப்பியும், கையில் கட்டாகக் காகிதங்களுமாகப் பெரிய டாக்டர் நின்றார். நேரம் ஐந்துக்குப் பத்து நிமிடம் இருந்தது. முன்கூட்டியே வந்துவிட்ட திருப்தி அவர் முகத்தில் தெரிந்தது. நீர் ஒரு கணமும் தடுமாறவில்லை.

"...அதோ வந்து நிக்கிற அந்தத் தங்கமான மனுசனுக்கு, இந்தச் சபை எழும்பி நிண்டு நன்றி சொல்லுது!"

சபை எழுந்தது. போடியாரின் ஆட்கள் கைதட்டினார்கள். பின்னாலிருந்த பெண்கள் குரவையிட்டார்கள். டாக்டர் தனக்குப் பின்னால் வேறு யாரும் வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

மேடைக்கு வந்ததும் மெல்லக் கேட்டார், "நான் இன்னும் வாயே திறக்கேல்லையே. என்னத்துக்கு நன்றி?"

பிரக்கிராசியார் விடவில்லை. "தாங்கள் ஐம்பது நிமிடம் பிந்தி வந்திருக்கிறீர்கள்" என்றார். டாக்டர் சிவந்துபோனார். கோட்டுப் பையிலிருந்து என் கடிதத்தை உருவினார். "பிந்தினேனோ? இதைப் பாருங்கோ" என்று நீட்டினார். பிரக்கிராசியார் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்த இடைவெளியில் நீர் குறுக்கே புகுந்தீர். இரண்டு கையாலும் அந்தக் கடிதத்தை வாங்கி, கண்ணில் ஒற்றி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டீர்.

"ஐயா கைபட்ட கடுதாசி. சங்கத்தில பத்திரமாக் கிடக்கட்டும்" என்றீர். மறுகணம் மாலை அவர் கழுத்தில் விழுந்துவிட்டது. மாலை போட்ட மனிதரால் வழக்குப் பேச முடியாது.

பல்லும் சுகாதாரமும் பற்றி அவர் எழுதிவந்த பதினெட்டுப் பக்கங்களையும் மேசையில் வைத்தார். சபையைப் பார்த்தார். முன்வரிசையில் போடியாரைக் கண்டு, "உங்கட ஊரிலை எத்தனை பேருக்குக் காய்ச்சல்?" என்று கேட்டார்.

"எல்லாருக்கும்தான் ஐயா. ஆனா ஒரே நாளில இல்ல. முறை வச்சு வரும்" என்றார் போடியார்.

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. உடனே நின்றும்விட்டது. போடியாரின் கண் மஞ்சளாக இருந்ததை அவர் அப்போதுதான் பார்த்தார் என்று நினைக்கிறேன். மேடையை விட்டு இறங்கிப் போய், அந்த மனிதரின் இமையை விரலால் விலக்கிப் பார்த்தார். பிறகு பக்கத்திலிருந்த பெண்ணின் மடியில் கிடந்த குழந்தையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"புதன்கிழமை அனுப்புறன்" என்றார். "ஆனால் தோணிக்கு நான் எங்கை போக?"

"தோணியும் வலிக்க ரெண்டு ஆளும் சங்கம் தரும் ஐயா" என்றீர் நீர். சங்கத்துக்குத் தோணி இல்லை என்பது சங்கத்துக்கே தெரியும். அந்த இரண்டு ஆட்கள் யார் என்று கேட்கவேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை. உம்முடைய கை ஏற்கனவே என் தோளில் இருந்தது.

போடியார் தோணி தந்தார். வேலையில் புதன்கிழமைகளுக்கு நான் லீவு கேட்டு அலைந்தேன். நீர் விடியற்காலையில் பாண் சுடும் வேலையை முடித்துவிட்டு, தலைமயிரில் மா படிந்தபடியே துறைக்கு வருவீர். அப்போதிக்கரி ஐயாவுக்குத் தண்ணீர் என்றால் பயம். மருந்துப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நடுத்தோணியில் இருப்பார்.

"பயப்படாதிங்க ஐயா, இஞ்ச இடுப்பளவுதான்" என்று நீர் தைரியம் சொன்னீர்.

"எனக்குத் தாழுறதுக்கு இடுப்பளவு போதும்" என்றார் அவர்.

நீர் ஒருநாள் வழி முழுதும் அவருக்கு நன்றி சொல்லிக்கொண்டே வந்தீர். அடுத்த புதன்கிழமை அவர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வந்தார். ஆனாலும் வந்தார். மழைக்காலம் பிறந்து வாவி பெருகியபோது, அரசாங்கமே ஒரு படகும் ஆட்களும் ஒழுங்கு செய்தது. அதுவரை ஒரு புதன்கிழமையும் தவறவில்லை. அந்தப் பெண்ணின் மடியில் கிடந்த குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறாளாம், கணக்கில் மோசமாம்.

கடிதத்தை என்ன செய்தீர் என்று முதல் புதன்கிழமையே, திரும்பி வரும்போது கேட்டேன். அப்போதிக்கரி ஐயா பெட்டியின்மேல் தலைவைத்துத் தூங்கிவிட்டிருந்தார்.

"போறணைக்குள்ள போட்டன். அண்டைக்குப் பாண் கொஞ்சம் கருகிப்போச்சு" என்றீர்.

"நீர் அண்டைக்கு எனக்காகச் செய்ததுக்கு..." என்று தொடங்கினேன்.

"நன்றி சொல்லுறது என்ட வேலை, மச்சான். நீர் தண்டை வலியும்" என்றீர்.

துடுப்பை வலித்தேன். அதன் பிறகு நானும் சொல்லவில்லை, நீரும் சொல்லவிடவில்லை. உலகயுத்த காலத்தில் மா கிடைக்காமல் பேக்கரியை மூடினீர். அந்த வருடமே ஒரு மத்தியானம், கதிரையில் சாய்ந்தபடி, யாருக்கும் தொந்தரவு தராமல் போய்விட்டீர். இவ்வளவு சுருக்கமாக நீர் செய்த காரியம் அது ஒன்றுதான்.

பெரிய டாக்டரும் மாற்றலாகிப் போய்விட்டார். ஐம்பது நிமிடம் பிந்தியவர் என்ற பெயர் மட்டும் அவருக்கு இந்த ஊரில் நிலைத்துவிட்டது. அதைத் திருத்த எனக்குத் தைரியம் வந்ததில்லை. இன்று இதை எழுதியதும், நாளைக் காலை பிரக்கிராசியாரிடம் போய் நடந்ததைச் சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன். அவர் என்னைக் கண்டித்துப் பேசுவார். எழும்பாமல் இருந்து முழுதையும் கேட்பேன்.

கூட்டங்களில் பேச்சாளர் பிந்தும்போது பக்கத்தில் இருப்பவர்கள் முணுமுணுக்கத் தொடங்குவார்கள். நான் அவர்களோடு சேர்வதில்லை. என் கண் நேரே செயலாளரிடம் போகும். பாவம், எங்கோ ஒரு மூலையில் வேர்த்துப்போய் நின்றுகொண்டிருப்பார். எழுந்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.

உமது,
ஐந்து விரல் காட்டிய செயலாளன்