பதில் வந்த தேதி

5.7.2009, ஞாயிறு

ஆராதனை முடிந்து பெண்கள் சங்க அறையில் கூட்டம். வந்திருந்தவர்கள்: குருவானவர் சாம்சுந்தர் ஐயா, அவர் மனைவி ஐயரம்மா, தங்கப்பழம் அக்கா, கமலபாய் டீச்சர், காரியதரிசியாகிய நான். ஆக ஐந்து பேர். கோயில் பூனை முழுக் கூட்டமும் இருந்தது, அதைச் சேர்க்கவில்லை.

வியாழக்கிழமை டெல்லி உயர்நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புதான் பேச்சு. ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் மனமொத்து வாழ்ந்தால் குற்றமில்லையாம். அந்தச் சொல்லை யாரும் வாயால் சொல்லவில்லை. "அந்தக் காரியம், அந்தக் காரியம்" என்றே ஒரு மணி நேரம் ஓடியது.

பேப்பரை நான் இரண்டு தரம் படித்திருந்தேன். "தீர்ப்புல கல்யாணத்தைப் பத்தி ஒண்ணும் இல்லியேய்யா?" என்று கேட்டேன்.

"இன்னைக்குக் குற்றமில்லேம்பான். நாளைக்குக் கல்யாணம் கட்டச் சட்டம் கொண்டு வருவான். முன்னாலேயே தடுக்கணும்மா."

அப்படிச் சட்டம் வரக்கூடாது என்று அரசாங்கத்துக்கு மனு. ஐந்நூறு கையெழுத்து. ஆகஸ்டு 2-க்குள். பொறுப்பு என்னிடம். எட்டாம் வகுப்போடு நின்றவளை நம்பி இவ்வளவு பெரிய வேலை! பெருமையாகத்தான் இருந்தது. இரண்டு நிபந்தனை போட்டேன். அவரவர் கையெழுத்தை அவரவரே போட வேண்டும். படித்துப் பார்க்காமல் யாரும் போடக் கூடாது. என் கையெழுத்து, எல்லாம் எண்ணி முடித்தபின் கடைசியில்.

ஜெப நோட்டில் எழுதினேன்: வரிசை எண் 212, கையெழுத்து வேலை நல்லபடி முடிய. கேட்ட தேதி 5.7.09. பதில் வந்த தேதி — காலி. அந்தக் கட்டத்தைப் பார்த்தால் என் வீட்டுக்காரருக்குச் சிரிப்பு. "பிரஸ்ல பார்ட்டிக்கு ரிமைண்டர் போடுவோம். நீ கர்த்தருக்கே போடுத!" இந்த நோட்டே அவருடைய திருத்தங்கல் பிரஸ்ஸில் பைண்டிங் கோணலாகி வந்ததுதான்.

8.7.2009

இரண்டு தெரு முடித்தேன். நாற்பத்தொன்று. படித்துக் காட்டுவதற்குள் தொண்டை வறண்டுவிட்டது.

"தண்ணி லாரிக்குத்தானே தீபம்? குடு, போடுதேன்." இப்படி ஆறு பேர்.

பட்டாசுக் கம்பெனியில் திரி வெட்டும் முருகம்மாள் மட்டும் முழுவதும் கேட்டாள். "ரெண்டு ஆம்பளை கட்டிக்கிட்டா கஞ்சி யாருக்கா காச்சுவா? பட்டினிதான். ரெண்டு பொம்பளைன்னா ரெண்டு சம்பளம், ரெண்டு பேரும் சமைப்பாளுக, குடிச்சிட்டு வந்து அடிக்க ஆளில்ல. நல்லாத்தான இருக்கும்?"

"ஏட்டி, இது எதிர்க்கிற மனு!"

"அப்படியா? யோசிச்சுச் சொல்லுதேன்."

திரும்பி வரும் வழியெல்லாம் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று கூட வந்த கமலபாய் டீச்சரிடம் சொல்லவில்லை.

10.7.2009

பக்கத்து வீட்டு ஷாஹிதாவும் தாளோடு வந்தாள். ஜமாத்திலும் இதே வேலையாம்!

"மதினி, உங்க தாள்ல நான் போடுதேன், எங்க தாள்ல நீங்க போடுங்க. பன்னெண்டு வருசத்துல நம்ம ரெண்டு பேரு வேதமும் ஒண்ணா நிக்கிறது இதுக்குத்தான்."

"நான் கடைசிலதான் போடுவேன்."

"சரி, பிரியாணிக்கு மட்டும் முதல்ல வந்துருவீக." தட்டை நீட்டினாள். நான் முந்திக் கை நீட்டியது உண்மைதான்.

18.7.2009, சனி

தங்கச்சி ஜாஸ்பின் கோயம்புத்தூரிலிருந்து வந்தாள். கூடவே வீரலட்சுமி. இருவரும் ஒரே ஆஸ்பத்திரியில் நர்ஸ். வீரலட்சுமிக்கு எம். புதுப்பட்டி; இங்கே இறங்கிவிட்டுத்தான் அவள் ஊருக்குப் போவாள். வீட்டில் ஒரே சத்தம்.

வீரலட்சுமி என் வீட்டுக்காரரைப் பார்த்து, "என்னத்தான், தொப்பைக்கும் சீசன் ஆரம்பிச்சிட்டா?" என்றாள். "காலண்டர் ஆர்டர் வந்தா தானா வத்திரும்" என்றார் அவர்.

சாப்பாட்டு மேசையில் தாள்கள். எண்ணியிருந்தேன், 312. ஜாஸ்பினிடம் பேனாவைக் கொடுத்தேன். "நீ 313. படிச்சிட்டுப் போடு."

படித்தாள். முதல் வரியிலிருந்து கடைசி வரை. பேனாவை மூடி தாளின் மேல் வைத்தாள். "அப்புறம்" என்றாள்.

19.7.2009, ஞாயிறு

கோயிலுக்குக் கிளம்புமுன் பாத்திரம் தேய்க்கும் இடத்தில் வைத்துச் சொன்னாள். அப்படியே எழுதி வைக்கிறேன். பிறகு நானாக எதையும் மாற்றிக்கொள்ளக் கூடாது.

"அக்கா, உன் ஜெப நோட்டுல எனக்கு மாப்பிள்ளை கேட்டு எழுதி வச்சிருக்கல்லா, அதை அடிச்சிரு."

"ஏன்?"

"எனக்கு ஆள் இருக்கு. அத்தானுக்குக் காப்பி ஆத்திக்கிட்டு இருக்கா, பாரு."

கையில் இருந்த சட்டியைக் கீழே போடவில்லை. அதுவரைக்கும் சந்தோஷம்.

"உன்கிட்ட ஒண்ணும் கேக்கலக்கா. நீ கண்டிப்பா கடைசிக் கையெழுத்துப் போடுவ, எனக்குத் தெரியும். ஆனா அந்தத் தாள்ல உன் பேரு இருந்தா, நான் இந்த வீட்டுக்கு எப்படி வருவேன்? அடுத்த மாசம் கோயில் அசன விருந்துக்கு எங்களை எதிர்பாக்காத."

பகல் பஸ்ஸுக்கே போய்விட்டார்கள். அம்மா போனபின் அவளுக்கு வர இருக்கிற வீடு இது ஒன்றுதான்.

20.7.2009

சாம்பாரில் இரண்டு முறை உப்பு.

22.7.2009

வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். இட்லியைப் பிட்டுக்கொண்டே, "எனக்கு நாலு வருசமாத் தெரியும்" என்றார்.

"எப்படி?!"

"பஸ்ல ஜன்னல் சீட்டுக்கு ரெண்டும் சண்டை போடுதத பாத்திருக்கியா? அது சிநேகிதக்காரிக சண்டை இல்ல தீபம். நீயும் நானும் போடுத சண்டை."

எல்லாரும் படித்துவிட்டார்கள். படிக்காமல் இருந்தவள் நான்தானா?

26.7.2009, ஞாயிறு

வேதத்தை எடுத்து அந்தக் காரியத்தைப் பற்றிய வசனங்களை வாசித்தேன். இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. அவற்றை அடித்துத் திருத்த நான் யார்? முழங்காலில் நின்று, "எனக்கு விளங்கவில்லை ஆண்டவரே" என்று மட்டும் சொன்னேன்.

பிறகு பழைய நாட்குறிப்புகளை இறக்கினேன். 2004, பிப்ரவரி: அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிவு. "வீரலட்சுமி லீவு போட்டு 23 நாள் இருந்தாள். குளிப்பாட்டியது, துணி மாற்றியது எல்லாம் அவளே. அம்மா அவளை மகளே என்று கூப்பிடுகிறாள். எனக்குக் கொஞ்சம் பொறாமை." என் எழுத்துதான். 2006: "கிறிஸ்துமஸுக்கு இருவரும் வந்தார்கள்." 2007: "இருவரும்." 2008: "இருவரும்."

கடைசியாக ஜெப நோட்டு. மாப்பிள்ளையை அடிக்கலாம் என்று தேடினால் — வரிசை எண் 37, 11.3.2001: "ஜாஸ்பின் தனியாய் நிற்கக் கூடாது. நோயிலும் கஷ்டத்திலும் அவளைக் கைவிடாத ஒரு துணை வேண்டும்." அவ்வளவுதான் எழுதியிருக்கிறேன். மாப்பிள்ளை என் மனதில் இருந்தார். தாளில் இல்லை.

எட்டு வருடமாக அந்தக் கட்டம் காலி.

2.8.2009, ஞாயிறு

அதே அறை, அதே ஐந்து பேர். பூனை இல்லை. தாள்களைக் கொடுத்தேன்: 487. ஒன்றையும் குறைக்கவில்லை, மறைக்கவில்லை. போட்டவர்கள் அறிந்து போட்டது, அது அவர்களுடையது.

ஐயா கடைசித் தாளைத் திருப்பினார். "உங்க கையெழுத்தைக் காணுமே?"

"போட முடியலைய்யா."

"ஏம்மா?"

"படிச்சுப் பாத்துட்டேன்."

ஜாஸ்பின் பெயரைச் சொல்லவில்லை. அது அவள் சொல்ல வேண்டியது. ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். ஐயரம்மா முகம் சிவந்து, "காரியதரிசியே இப்படின்னா எப்படி? மினிட்ஸ் நோட்டை டீச்சர்கிட்ட குடுத்திரு" என்றாள். கொடுத்தேன். பதினொரு வருடம் எழுதிய நோட்டு.

தங்கப்பழம் அக்காதான் வாயைத் திறந்தாள். "அப்ப அசனத்துக்கு ஆள் கணக்கு யாரு எடுக்கது? போன தடவ டீச்சர் எடுத்து, பாதி ஊரு கொழம்பு இல்லாம எந்திரிச்சதே!"

டீச்சரே சிரித்துவிட்டார். ஐயாவும். ஐயரம்மா மட்டும் சிரிக்காமல், "சரி, அதை அவளே பாக்கட்டும்" என்றாள். எதற்காகவோ எனக்காக ஜெபம் பண்ணிக் கூட்டத்தை முடித்தார்கள். நானும் கண்ணை மூடி ஆமென் சொன்னேன்.

வீட்டு வாசலில் ஷாஹிதா. "என்ன மதினி, எங்க தாளு இன்னும் காலியாத்தான் கெடக்கு." போடமாட்டேன் என்றேன். தாளை மடித்துக்கொண்டாள். "பிரியாணியாவது வேணுமா, அதுவும் வேண்டாமா?"

வேணும் என்றேன்.

9.8.2009, ஞாயிறு

இன்று ஜெப நோட்டில் வரிசை எண் 37-ஐ முடித்தேன். பதில் வந்த தேதி: 14.11.2002. அன்றுதான் ஜாஸ்பின், வீரலட்சுமியோடு வீடு எடுத்திருப்பதாகக் கடிதம் போட்டாள். பக்கத்தில் எழுதினேன்: "ஏழு வருடம் தாமதமாகப் பதிவு. தவறு என்னுடையது."

போனில் எனக்கு இதெல்லாம் பேச வராது. கடிதம் எழுதிவிட்டேன். நகல்:

அன்புள்ள ஜாஸ்பினுக்கு, அக்கா எழுதுவது. நாங்கள் நலம். உன் அத்தானின் தொப்பை இன்னும் வற்றவில்லை என்று வீரலட்சுமியிடம் சொல். தாளில் என் பேர் இல்லை. வசனம் எனக்கு முழுவதும் விளங்கிவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் நான் கேட்டதும் ஆண்டவர் கொடுத்ததும் என் கையெழுத்திலேயே இருக்கிறது. நீ வந்தால் காட்டுகிறேன். அசனம் 30-ஆம் தேதி. நம் வீட்டுக் கணக்கில் எழுதியிருப்பது: கிறிஸ்துராஜ், ஞானதீபம், ஜாஸ்பின், வீரலட்சுமி. ஆக நான்கு பேர். 20-ஆம் தேதிக்குள் அரிசிக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். வருகிறீர்களா? சீக்கிரம் பதில் போடு.