உனக்காக நொண்டிய கால்

அன்பு மகனுக்கு, அம்மா எழுதுவது. இங்கே அப்பா, தங்கை, நான் எல்லோரும் சுகம். நீ சுகமா என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் இந்த முறை கேட்கத் தேவையில்லாமல் போய்விட்டது. உன்னை நேரில் பார்த்தவர்களே சொல்லிவிட்டார்கள். நன்றாகச் சதை போட்டிருக்கிறாயாம், தாடி வைத்திருக்கிறாயாம், தாடி உனக்கு எடுப்பாக இருக்கிறதாம். கொஞ்ச நாளாகப் போனில் முகத்தைக் காட்டாமல் பேசுகிறாயே, சிக்னல் சரியில்லை என்கிறாயே, அது தாடிக்காகவா வேறு எதற்காகவா என்று எனக்குத் தெரியாது. யார் பார்த்தார்கள், எங்கே பார்த்தார்கள் என்று இந்நேரம் கடைசிப் பக்கத்தைப் புரட்டித் தேடியிருப்பாய். தேடு. முதலில் வீட்டுச் செய்திகளைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கோபத்தில் மறந்துபோவேன்.

பல் டாக்டரம்மா தன் ஆஸ்பத்திரிக்கு ஜன்னல் திரைகள் கேட்டிருந்தார். எல்லாம் தைத்து, மடிப்பு வைத்து, வளையம் கோத்துக் கொடுத்த பிறகு, கடையில் பார்த்த பச்சை வேறு இந்தப் பச்சை வேறு என்று திருப்பி அனுப்பிவிட்டார். என் தையல் மேசை முழுக்க அந்த வெளிர்பச்சைதான் குவிந்து கிடக்கிறது. மனசு கேட்காமல் அதில் ஒரு ஜோடியை உன் அறை ஜன்னலுக்குப் போட்டேன், இந்தக் கடிதத்தை எழுதி முடித்ததும் அதைக் கழற்றினாலும் கழற்றுவேன். தங்கைக்கு மருந்துக் கடையில் காலை நேர வேலை கொடுத்துவிட்டார்கள், அதனால் விடிவதற்குள் எழுந்து வீட்டையே உருட்டுகிறாள். அப்பா ரிட்டயர் ஆனாலும் லிஃப்ட் அவரை விடுவதாயில்லை. எதிர்க் கட்டடத்து லிஃப்ட் நடுவழியில் நின்றால் கம்பெனிக்குப் போன் போடுவதற்கு முன்னால் நம் கதவைத் தட்டுகிறார்கள், இவரும் பை நிறைய ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி கிளம்பிவிடுகிறார். உடம்பு பரவாயில்லை, பிரஷர் மாத்திரையைச் சொல்லாமலே போட்டுக்கொள்கிறார்.

திராட்சை அறுவடை முடிந்ததும் இந்த வருஷமும் பள்ளத்தாக்குக்குப் போனோம். உனக்குத் தெரிந்த கதைதான், மறந்துவிட்டாயோ என்ற சந்தேகத்தில் மறுபடியும் எழுதுகிறேன். நீ கைக்குழந்தையாக இருக்கும்போது அங்கே ஒயின் செய்யும் திராட்சைத் தோட்டத்து நிலவறையில் பீப்பாய் ஏற்றும் லிஃப்ட் பாதியில் சிக்கிக்கொண்டது. அப்பாதான் போய்ச் சரி செய்தார். தோட்டத்து அக்கா இவரைச் சும்மா அனுப்பாமல், கிரீஸ் கையோடு உட்கார வைத்து ஒரு கிளாஸ் சிவப்பு ஒயினை ஊற்றிக் கொடுத்தாள், வீட்டுக்கும் ஒரு பாட்டில் கொடுத்துவிட்டாள். நான் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் அரைக் கிளாஸ் குடித்தேன், மறுநாள் மிச்சம் இருக்கிறதா என்று நானே கேட்டேன். அன்றைக்குப் பிடித்த பித்து. அதிலிருந்து வருஷம் தவறாமல் போகிறோம். அப்பாவுக்கு மேல்சரிவுத் திராட்சையில் செய்த சிவப்பு, எனக்குக் கீழ்ச்சரிவு வெள்ளை. எதைக் கொடுத்தாலும் அப்பா பேன்ட்டைத் தூக்கிவிட்டுக்கொண்டு மூக்கை உள்ளே விட்டு, இரும்பு வாசனை வருகிறது என்பார். எனக்கு வெயிலில் காய்ந்த போர்வை வாசனை வரும். அக்கா ஒரு நாளும் சிரித்ததில்லை, தானும் மோந்து பார்த்துவிட்டு ஆமாம் என்பாள். ஒயினைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான், சந்தோஷமாகக் குடிக்க அது போதுமாக இருந்தது. பின் சீட்டில் நீ தூங்கிக்கொண்டே வருவாய். நீ படிப்பை முடித்த வருஷம் உன் முதல் கிளாஸை ஊற்றியதும் அந்த அக்காதான்.

இந்த முறை அப்பா என்னை வாசலில் இறக்கிவிட்டு, காரை நிறுத்திவிட்டு அப்படியே தன் பழைய லிஃப்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பின்பக்கம் போனார். நான் தனியாக உள்ளே போனேன். அக்கா என்னைப் பார்த்ததும் பதறிப்போய் மெத்தை போட்ட நாற்காலியை இழுத்துக்கொண்டு ஓடி வந்தாள். 'நிக்காதம்மா, உட்காரு முதல்ல. கால் முடியாத நேரத்துல எதுக்கு இவ்வளவு தூரம் வந்தே? உன் பையன் சொன்னான், அம்மாவால நடக்கவே முடியலை, அதான் வீட்டுலயே விட்டுட்டு வந்தேன்னு' என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் பையன் எங்கே, நீங்கள் எங்கே என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவளே சொல்லிக்கொண்டு போனாள். போன மாதம் பெரிய காரில் ஆபீஸ்காரர்களோடு வந்தாயாம், மேலதிகாரியும் கூட இருந்தாராம், கம்பெனி வேலையாக இந்தப் பக்கம் வந்தீர்களாம், எல்லோருக்கும் நீயே ஊற்றிக் கொடுத்தாயாம்.

நான் என்ன செய்திருக்க வேண்டும், நீயே சொல். என் காலுக்கு ஒரு கேடும் இல்லை, வாசல் படியைத் தாவி ஏறித்தான் உள்ளே வந்திருந்தேன். எனக்கு ஒன்றும் இல்லையே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நீ பொய்யன் ஆகியிருப்பாய். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு திராட்சையைத் தோலுரித்து ஊட்டியவள் அவள். அவள் முகத்தில் உன் மதிப்பு இறங்குவதைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. உட்கார்ந்துவிட்டேன். இப்போது கொஞ்சம் பரவாயில்லை அக்கா என்று முழங்காலைத் தடவியும் விட்டேன். பெற்றவள் புத்தி அப்படித்தான் வேலை செய்கிறது, அதை நினைத்தால் என் மேலேயே எனக்கு எரிச்சலாக வருகிறது. அதோடு முடிந்ததா? நீ கிளாஸைத் தூக்கிப் பிடித்து, பேன்ட்டை மேலே இழுத்துவிட்டு, மூக்கை உள்ளே நுழைத்து இரும்பு வாசனை என்று சொல்லிக் காட்டினாயாம். உன் மேலதிகாரி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். 'அப்பனை அப்படியே உரிச்சு வெச்சிருக்கான்' என்று அக்கா அதைப் பெருமையாகச் சொன்னாள். நானும் சிரித்தேன், சிரிக்காவிட்டால் ஏன் என்று கேட்பாளே.

அங்கிருந்து நம் வீடு இரண்டு மணி நேரப் பயணம். வழியில் நிறுத்திக் காபி குடித்திருந்தால்கூடச் சாப்பாட்டு நேரத்துக்கு வந்திருக்கலாம். மூன்று வருஷமாக லீவு இல்லை, லீவு இல்லை என்று நீ சொன்னதை நாங்கள் பால் குடிக்கிற பிள்ளைகள் மாதிரி நம்பிக்கொண்டிருந்தோம். அந்த வாரம் நீ போனில் பேசினாய், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, அங்கே ஒரே குளிர் என்று சொன்னாய். எங்கே குளிர்? அப்போது நீ எந்த ஊரில் நின்றுகொண்டு பேசினாய்? உன் மேலதிகாரிக்கு நம் வீட்டு நாற்காலி சரிப்படாது என்று நினைத்தாயா, நான் நூல் ஒட்டின உடுப்போடு கதவைத் திறப்பேன் என்று பயந்தாயா, அப்பா அவரிடம் லிஃப்ட் கதை பேசுவார் என்று வெட்கப்பட்டாயா? வீட்டுக்கு வர வேண்டாம், சொல்லியிருந்தால் நாங்களே பள்ளத்தாக்குக்கு வந்து, பக்கத்து மேசையில் முன்பின் தெரியாதவர்கள் மாதிரி உட்கார்ந்து உன்னைக் கண் நிறையப் பார்த்துவிட்டுப் போயிருப்போம். எனக்கு நெஞ்சு எரிகிறது. வராமல் போனதைக்கூட ஒரு நாள் பொறுத்துக்கொள்வேனோ என்னவோ. நாம் எல்லோரும் சந்தோஷமாக இருந்த ஒரே இடத்தில் நின்றுகொண்டு, என்னை நடக்க முடியாதவளாகவும் அப்பாவைக் கோமாளியாகவும் ஆக்கிவிட்டுப் போயிருக்கிறாயே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அப்பா வரும் சத்தம் கேட்டதும் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். பையன் வந்துபோனது அவருக்குத் தெரியாது, பையனே சொல்லட்டும் என்று இருக்கிறோம், நீங்கள் எதுவும் சொல்லிவிடாதீர்கள் என்றேன். அவள் சரி என்று தலையாட்டினாள், ஆனால் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்பாவிடம் படியில் கால் பிசகிவிட்டது என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், அன்றைய பொழுது போயிற்று. நிலவறைக்குள் இறங்கிப் பீப்பாயிலிருந்து நேராக எடுத்துக் குடிப்பது எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று உனக்குத் தெரியும். இந்த முறை நான் மேலே மெத்தை நாற்காலியில், அவர் மட்டும் கீழே போய் எனக்கு ஒரு கிளாஸை ஏந்திக்கொண்டு படியேறி வந்தார், பாதி அவர் சட்டையில் சிந்திவிட்டது. தன் கிளாஸை அவர் தொடவேயில்லை. கிளம்பும்போது அக்காவிடம் மன்றாடி, நீ ஊரை விட்டுப் போன வருஷத்து மேல்சரிவுச் சிவப்பில் கடைசியாக இருந்ததில் ஒரு பாட்டிலை வாங்கினார். 'பாவம் அக்கா, மூணு வருஷமா அவன் இதை வாயில வெச்சிருக்க மாட்டான்' என்றார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் குனிந்து என் காலைப் பார்த்துக்கொண்டேன். தன் ஸ்வெட்டரைக் கழற்றி அதில் பாட்டிலைச் சுற்றி, காரில் வழி நெடுக மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லி என்னிடம் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாளில் கால் சரியாகிவிட்டது என்று சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் விட்டால்தானே. எலும்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய்ப் படம் எடுத்தார். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு ஒன்றுமே இல்லையே என்றார், அப்பா அதற்கு, என் மனைவி வலியை வெளியே சொல்ல மாட்டாள் என்று அவரிடமே வாதாடினார். நான் நிமிர்ந்து நடந்தால் எனக்காக நடிக்காதே என்கிறார். குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி அடித்துவிட்டார். அதெல்லாம் போகட்டும், போன வாரம் என் எதிரில் அக்காவுக்குப் போன் போட்டு, அடுத்த வருஷத்திலிருந்து எங்களை எதிர்பார்க்காதீர்கள், வழக்கமாகத் தங்கும் அறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, 'அந்த மேடு பள்ளம் இனி உனக்கு வேண்டாம். வீட்டுக்குள்ள நீ நல்லா நடந்தா எனக்கு அது போதும்' என்றார். வருஷம் முழுக்கத் தனக்கென்று எதையும் கேட்காத மனுஷன். அந்த ஒரு பயணம்தான் அவருக்கு. அதை எனக்காக விட்டுக்கொடுத்துவிட்டு அன்றிலிருந்து ரேடியோவைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறார். நீ வாய்க்கு வந்ததை அங்கே சொல்லிவிட்டுப் போனாய், இங்கே அது பலித்துவிட்டது.

உண்மையை நானே அவரிடம் போட்டு உடைத்துவிடலாம். நாலு தடவை பக்கத்தில் போய் உட்கார்ந்தேன், முடியவில்லை. உங்கள் மகன் இங்கே வரை வந்துவிட்டு உங்களைப் பார்க்காமல் போனான் என்பதை அவர் என் வாயிலிருந்து கேட்கக் கூடாது. சொல்லாமல் இருந்தால் பள்ளத்தாக்கு போயிற்று. இரண்டுக்கும் நடுவில் நான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

மருந்துக் கடை முதலாளி உன் ஊர்ப் பக்கம் வருகிறார், அந்தப் பாட்டில் அவரிடம் வருகிறது. அதற்கு முன்னால் இந்தக் கடிதம் உன் கையில் இருக்க வேண்டும் என்றுதான் அவசரமாக எழுதுகிறேன். பாட்டில் வந்ததும் அப்பா உன்னைக் கூப்பிடுவார். நீ முதல் வாய் குடிக்கும்போது உன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறார், தங்கையிடம் போனில் அதை எப்படிச் செய்வது என்று கேட்டும் வைத்துக்கொண்டார். அப்போது அதிசயப்பட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளாதே. உனக்கு அது நன்றாக வரும் என்பதால்தான் சொல்கிறேன். குடிப்பதற்கு முன்னால் சொல்லிவிடு. நான் வந்தேன், வீட்டுக்கு வரவில்லை, அம்மாவின் கால் என்று சொன்னது பொய் என்று சொல். ஏன் வரவில்லை என்ற காரணம் உனக்குத் தெரிந்தால் அதையும் சொல். அந்த இரும்பு வாசனைச் சிரிப்பை மட்டும் சொல்லாதே, அதை நான் வைத்துக்கொள்கிறேன். அப்பா இரண்டு நாள் யார் வீட்டு லிஃப்டையாவது தேடிக்கொண்டு போவார், பிறகு வந்து எந்த வருஷத்துச் சிவப்பைக் குடித்தாய் என்று கேட்பார். அவர் அப்படிப்பட்டவர். நான் அப்படி இல்லை. எனக்கு ஆறுவதற்கு நாளாகும், நீ எத்தனை தடவை கூப்பிட்டாலும் நாளாகும்.

குளிர்காலம் வருகிறது, காதை மூடிக்கொண்டு போ. பாட்டிலை அடுப்புப் பக்கம் வைக்காதே, இருட்டான இடத்தில் படுக்க வை, அப்பா சொல்லச் சொன்னார். ராத்திரியில் வெறும் வயிற்றோடு படுக்காதே. என்ன கோபம் இருந்தாலும் நீ ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், அதில் மாற்றம் இல்லை. இதோ அப்பா வெந்நீர்ப் பையை எடுத்துக்கொண்டு வருகிறார், நான் காலை நீட்டிக்கொள்ள வேண்டும். எந்தக் கால் என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத்தான் நீட்டுகிறேன். நீ அவரிடம் சொல்லும் நாளில்தான் இது குணமாகும்.

உன் சொல்லைக் காப்பாற்ற இன்னும் நொண்டிக்கொண்டிருக்கும்,
அம்மா